ரோடு என்ன எங்க வீட்டுக் களமா?

2025 செப்டம்பர்ல, சொர்ணவாரி அறுப்பு முடிஞ்ச மறுநாள் சாயங்காலம், ஒரு பையன் ஸ்கூட்டரோட சறுக்கி விழுந்தான். முழங்கையில நல்ல சிராய்ப்பு. விழுந்தது என் நெல்லு மேல. ஓடிப்போய்த் தூக்கினேன். எழுந்தவன் பேன்ட்டைத் தட்டிக்கிட்டே கேட்டான்: "ஏங்க, ரோடு என்ன உங்க வீட்டுக் களமா?"

எனக்குப் பதில் வரல. தப்பு என்னுதுதான். ரோட்டுல பாதியை அடைச்சு நெல்லைப் பரப்பி, ஓரத்துக்குக் கல்லு வேற வெச்சிருந்தேன். அவனுக்குத் தண்ணி கொடுத்து, கை கழுவ வெச்சு அனுப்பினேன். ஆனா அந்தக் கேள்வி மட்டும் அன்னைக்கு ராத்திரி பூரா மண்டையில ஓடிச்சு. களம் எங்க போச்சு? எப்ப போச்சு? போகும்போது நாம ஏன் கவனிக்கல?

சென்னையிலேர்ந்து வர்ற சொந்தக்காரங்க ரெண்டு விதமாப் பேசுவாங்க. "இன்னும் பழைய மாதிரியே விவசாயம் பண்றீங்களே, புது டெக்னாலஜி எதுக்கும் மாற மாட்டீங்களா?"ம்பாங்க. அவங்களே வர்ற வழியில ரோட்டுல நெல்லைப் பார்த்துட்டு, "இது என்ன காட்டுமிராண்டித்தனம்?"ம்பாங்க. ரோட்டுல நெல்லு காயறது புது டெக்னாலஜி வந்ததாலதான்னு சொன்னா நம்ப மாட்டாங்க. அதைத்தான் இங்க எழுதப் போறேன்.

எங்க திருநின்றவூர் பக்கம் கையால அறுத்த காலம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. விடியக்காலையில ஆளுங்க இறங்கி, அறுத்த தாளை அரி அரியாப் போட்டுட்டுப் போவாங்க. அது வயல்லயே ஒரு நாள், ரெண்டு நாள் வெயில்ல கிடக்கும். அப்புறம் கட்டு கட்டி, தலைச்சுமையா களத்துக்கு வரும். அடிச்சு, தூத்தி, பொலி போட்டு, மூட்டை பிடிக்கிறதுக்குள்ள இன்னும் ரெண்டு நாள். இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. நெல்லைக் காய வைக்கிறதுன்னு தனியா ஒரு வேலையே பெரிசா இருக்காது. வயல்லயும் களத்துலயும் கிடக்கிற கிடையிலேயே அது முக்காவாசி காஞ்சிடும். அந்தக் கிடைதான் எங்க டிரையர். அதுக்குக் கரண்ட் பில்லு கிடையாது, பேரும் கிடையாது.

அப்புறம் ஆள் குறைய ஆரம்பிச்சது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964லயே வந்தது, ரயில் ஏறினா அரை மணி நேரம். ஆவடி இன்னும் கிட்ட. பின்னால இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் கம்பெனிகள் வந்து, பஸ்ஸை ஊருக்குள்ளயே அனுப்பி ஆளைக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. மாசச் சம்பளம், கேன்டீன் சாப்பாடு, பி.எப். குனிஞ்சு நெல்லு அறுக்க யாரு வருவா? வரலேன்னு நான் குறை சொல்ல மாட்டேன். என் பையனும் அந்த பஸ்ஸுலதான் போறான்.

ஆள் இல்ல. அறுப்பு மிஷினோ வந்தாச்சு. ஆத்தூர், சேலம் பக்கமிருந்து லாரியில ஏத்திட்டு வருவாங்க. டயர் வண்டி, செயின் வண்டின்னு ரெண்டு தினுசு. சேத்து நிலத்துக்குச் செயின் வண்டிதான் சரி. ஏக்கர் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். அறுக்கும், அடிக்கும், தூத்தும், நெல்லைக் கொட்டும். அப்ப எல்லாரும் உடனே தாவிப் பிடிச்சிருக்கணுமே? பிடிக்கல. எங்க தெருவுல நாலு வருஷத்துக்கு மேல பல பேர் வேண்டாம்னு இருந்தாங்க. எங்க வீட்டுல வேண்டாம்னது எங்க அம்மா.

"மாட்டுக்கு என்னடா போடுவே?" அவ்வளவுதான் கேட்டாங்க.

மிஷின்ல அறுத்தா வைக்கோல் துண்டு துண்டா வயல் பூராச் சிதறிக் கிடக்கும். செயின் ஏறிச் சேத்துல அமுக்கிடும். அதைப் பொறுக்கிச் சேர்க்க மறுபடியும் ஆள் வேணும். ஆள் இல்லாததாலதானே மிஷினே! மாடு வெச்சிருக்கிற வீட்டுக்கு வைக்கோல் போர் அரை சம்பளம். வெளியில வாங்கினா கட்டுப்படியாகாது. அம்மா படிக்காதவங்கதான், ஆனா அவங்க கணக்குல ஒரு பிசகும் இல்ல. வேளாண் அதிகாரிங்க கூட்டம் போட்டு "விவசாயிகளுக்கு விழிப்புணர்வு இல்லை"ன்னு பேசினப்ப எனக்குச் சிரிப்புதான் வந்தது. விழிப்புணர்வு ஜாஸ்தியா இருந்ததாலதான் எங்க அம்மா வேண்டாம்னாங்க.

இதை மாத்தினது பிரசாரமோ மானியமோ இல்ல. வைக்கோல் சுத்துற மிஷின். பேலர்னு சொல்றாங்க. டிராக்டர் பின்னாடி மாட்டிக்கிட்டு வயல்ல ஒரு சுத்து வந்தா, கிடக்கிற வைக்கோலை வாரி, சுருட்டி, நூல் கட்டி, உருளை உருளையாப் போட்டுட்டுப் போகும். கட்டு ஒண்ணுக்கு இவ்வளவுன்னு கூலி. எங்க ஊர்ல அது வந்த முதல் அறுப்புலயே அம்மா வரப்புல நின்னு பார்த்தாங்க. ஒரு கட்டைக் காலால உருட்டிப் பார்த்தாங்க. "அடுத்த தடவை நம்ம வயலுக்கும் சொல்லிடு"ன்னாங்க. பேலர் வந்த அந்த ரெண்டு பருவத்துக்குள்ள எங்க தெருவுல கையறுப்பு நின்னே போச்சு. அறுப்பு மிஷின் நாலு வருஷமா அப்படியேதான் இருந்தது. ஒரு திருகாணிகூட மாறல. அதோட ஜோடி வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துப் பொருளாதாரப் பாடத்துல நிரப்புப் பொருள்னு ஒண்ணு சொல்வாங்க. பேனாவுக்கு மை, வண்டிக்குப் பெட்ரோல். நாங்க படிச்சப்ப அதை ரெண்டு மார்க் கேள்வின்னு நினைச்சோம். நுகத்தடியில ஒத்த மாட்டைப் பூட்டிட்டு, வண்டி நகரலேன்னு அந்த மாட்டை அடிக்கிறவனைப் பார்த்தா என்ன சொல்வோம்? புதுப் பொருள் ஓடலேன்னதும் வாங்காதவன் மேல பழி போடறதும் அதே மாதிரிதான்.

உங்க ஊர்லயே பாருங்க. டீக்கடையில க்யூஆர் அட்டை வந்த புதுசுல கடைக்காரருக்கு அது தலைவலி. கை பூரா மாவு, அடுப்புல பால், ஒவ்வொருத்தரும் "அனுப்பிட்டேன்"னு போனைக் காட்டுவாங்க, இவர் கண்ணாடியைத் தேடணும். பணம் வந்ததைச் சத்தமாச் சொல்ற ஸ்பீக்கர் பெட்டி வந்ததும்தான் அவருக்கு நிம்மதி. ஸ்டேஷன் பக்கத்துல நான் டீ குடிக்கிற கடையில அது சொல்ற சத்தம் ரயில் அறிவிப்பை விட ஜாஸ்தி.

விவசாயத்துல ஜோடி வராம நின்னு போனதும் இருக்கு. திருந்திய நெல் சாகுபடின்னு ஒற்றை நாத்து நடவு வந்தது. 1980கள்ல மடகாஸ்கர் தீவுல ஒரு பாதிரியார் ஆரம்பிச்ச முறை. பதினாலு நாள் நாத்து, குத்துக்கு ஒண்ணு, விதை மிச்சம், தண்ணி மிச்சம், விளைச்சலும் நல்லாவே வரும். நானே ஒரு பருவம் பண்ணிப் பார்த்தேன். குறை சொல்ல முடியாது. ஆனா அதுல களையைக் கோனோவீடரை உருட்டி அமுக்கணும். அது உருளணும்னா நடவு சதுரம் சதுரமா நூல் பிடிச்ச மாதிரி இருக்கணும். அப்படி நடறதுக்குப் பழகின ஆள் இருக்கணும். வேகமா நட்டு வேகமா வீட்டுக்குப் போய்ப் பழகின பொம்பளைங்ககிட்ட கயிறு பிடிச்சு நடச் சொன்னா, "அண்ணே, கூலி ரெட்டிப்பாக் குடு"ன்னாங்க. நியாயம்தானே? கோனோவீடரைக் கொடுத்தவங்க, அதுக்கேத்த மாதிரி நடறதுக்கு ஒரு வழியைக் கொடுக்கல. இப்ப அது என் மாட்டுக் கொட்டாய் மூலையில நிக்குது. மேல கோழி அடையுது.

நடவு மிஷினும் அப்படித்தான். மிஷினை வாடகைக்கு எடுத்துடலாம். அதுக்கு நாத்து பாய் மாதிரி, தட்டுல வளர்ந்திருக்கணும். சாதா நாத்தங்கால் நாத்தை அது தொடாது. யாராவது தட்டு நாத்து வளர்த்து விக்கிற ஊர்ல மிஷின் நடவு ஓடுது, இல்லாத ஊர்ல ஓடல. இதுக்கு மேல அதுல ஆராய்ச்சி பண்ண ஒண்ணும் இல்ல.

இப்ப ரோட்டுக்கு வர்றேன். அறுப்பு மிஷினுக்கு ரெண்டு ஜோடி வேண்டியிருந்தது. ஒண்ணு வைக்கோலுக்கு. அது வந்துடுச்சு. இன்னொண்ணு ஈரத்துக்கு. அது இன்னும் வரல.

மிஷின் பச்சைக் கதிரை நின்ன நிலையிலேயே அறுத்து, அந்த நிமிஷமே நெல்லாக் கொட்டுது. வயல்ல கிடக்கிற ரெண்டு நாள், களத்துல கிடக்கிற ரெண்டு நாள் எல்லாம் போச்சு. அதனால ஈரம் இருபது, இருபத்திரண்டு, சில சமயம் அதுக்கு மேலயும் இருக்கும். அரசாங்க நேரடி கொள்முதல் நிலையத்துல எடுக்கிற கணக்கு 17 சதவீதம். அதுக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க. ஏக்கருக்கு இருபது குவிண்டாலுக்கு மேல நெல்லு ஒரு மணி நேரத்துல வந்து கொட்டுது, இதை எங்க காய வைக்கிறது? வீட்டு வாசல் பத்தாது. களம் இல்ல. அறுப்பு மிஷின் வந்ததும் களத்துக்கு வேலை இல்லேன்னு நினைச்சு, எங்க தெருக் களத்துல பாதியை வீட்டு மனையாப் போட்டு வித்துட்டாங்க. சேர்ந்து விட்டுக் கொடுத்தவங்கள்ல நானும் ஒருத்தன். அப்ப யாருக்கும் உறைக்கல.

தார் ரோடு சூடு பிடிக்கும். நல்ல வெயில்னா ரெண்டு நாள்ல காஞ்சிடும். காசு கேட்காது. ஆக, இல்லாத டிரையருக்குப் பதிலா ரோடு வந்து ஜோடி சேர்ந்தது. வாடகையை நாங்க கொடுக்கல. அந்த வழியா வண்டியில போறவங்க கொடுக்கிறாங்க. அந்தப் பையன் முழங்கையால கொடுத்தான்.

இது தெரியாத விஷயம்னு நினைக்காதீங்க. 1960-61ல மத்திய அரசு நாட்டுல முதல்ல ஏழு மாவட்டத்தை எடுத்து ஒரு திட்டம் ஆரம்பிச்சது. தஞ்சாவூர் அதுல ஒண்ணு. ஃபோர்டு ஃபவுண்டேஷனும் கூட இருந்தது. அதை எல்லாரும் பாக்கேஜ் திட்டம்னே சொன்னாங்க. விதை தனியா, உரம் தனியா, கடன் தனியாக் கொடுத்தா விவசாயி எதையும் எடுத்துக்க மாட்டான், எல்லாத்தையும் ஒரே நேரத்துல கைக்கெட்டுற தூரத்துல வைக்கணும்கிறதுதான் அதோட அடிப்படை. அப்புறம் குறுகிய கால ரகம் ஆடுதுறை 27 வந்தது. குறுவை அறுப்பு மழை நேரத்துல வந்து மாட்டிச்சு. ஈர நெல்லு முளைக்கிறதும் கறுக்கிறதும் பெரிய பிரச்சனை ஆச்சு. அதுக்காகவே 1967ல திருவாரூர்ல நெல் பதப்படுத்துற ஆய்வு மையம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதுதான் பின்னால தஞ்சாவூருக்குப் போய், வளர்ந்து, இன்னைக்கு நிஃப்டெம்னு பெரிய மத்திய அரசு நிறுவனமா நிக்குது. ஆராய்ச்சி நடந்துச்சு, நிறுவனம் பெரிசாச்சு. நெல்லு மட்டும் இன்னும் ரோட்டுலயே காயுது.

2022 அக்டோபர்ல குறுவை நெல்லுக்கு 17ஐ 19 ஆக்கினாங்க. மழை வர்றப்பல்லாம் கேட்டு, குழு வந்து பார்த்து, அப்புறம் தளர்த்துவாங்க. அது டெல்டாவுக்கு நடக்கிற பேச்சு. திருவள்ளூர் மாவட்டத்துல சொர்ணவாரின்னு ஒரு பருவம் இருக்கிறதும், அதோட அறுப்பு ஆகஸ்ட், செப்டம்பர்ல சாயங்கால மழையில வந்து நிக்கிறதும் யார் நினைப்புல வருது?

என் கணக்கைச் சொல்றேன். அந்த செப்டம்பர்ல அரசு விலை சாதா ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபா. எனக்கு ரெண்டு ஏக்கர்ல 44 குவிண்டால். ரோட்டுல போட்டது பாதி. மீதிப் பாதியைத் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருந்தேன். ரெண்டாம் நாள் ராத்திரி மழை. மூடின நெல்லு உள்ளே சூடு ஏறி வாடை அடிக்க ஆரம்பிச்சதும், பயந்துபோய் வியாபாரிக்கு 1,850க்குத் தள்ளினேன். ஈரம் 22 இருந்தது. இப்ப யோசிச்சுப் பாருங்க. 22 ஈரத்துல இருக்கிற நூறு கிலோ நெல்லை 17க்குக் காய வெச்சா 94 கிலோ இருக்கும். அரசு விலைப்படி 2,350 ரூபா. ஆக, ஆறு கிலோ தண்ணிக்கு என் கையை விட்டுப் போனது குவிண்டாலுக்கு 500. இருபத்திரண்டு குவிண்டாலுக்கு 11,000. உரத்துக்கு வாங்கின கடனுக்கு வெச்சிருந்த பணம் அது.

"அப்ப நீயே ஒரு டிரையர் வாங்கேன்"னு கேட்பீங்க. நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க. பல லட்சம் போட்டு வாங்கினா வருஷத்துல எனக்கு நாலு நாள் வேலை இருக்கும். மிச்ச நாளெல்லாம் கோனோவீடர் பக்கத்துல அதுவும் கோழிக்குக் கூரையா நிக்கும். அறுப்பு மிஷினை மட்டும் நான் சொந்தமாவா வாங்கினேன்? அது ஒரு மாவட்டத்துல அறுப்பு முடிச்சு அடுத்த மாவட்டம், அப்புறம் கேரளா, ஆந்திரான்னு சுத்திக்கிட்டே இருக்கு. அதனாலதான் வாடகைக்குக் கிடைக்குது. டிராக்டர்ல இழுத்துட்டுப் போற டிரையர் உலகத்துல இல்லாததா என்ன? உமியை எரிச்சே சூடாக்கலாம். வியட்நாம்ல மேகாங் டெல்டாவுல அப்படித்தான் உமி போட்டு எரிக்கிற டிரையர் ஊர் ஊருக்கு வெச்சிருக்காங்க. ஜப்பான்ல அறுப்பு மிஷின் பரவினப்பவே கூட்டுறவு சங்கங்க பெரிய பெரிய உலர்த்துற நிலையம் கட்டிடுச்சு. அங்க விவசாயி ஈர நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம்.

அமெரிக்காவுல மக்காச்சோளம் வாங்குற கிடங்குல ஈரமா இருந்தா திருப்பி அனுப்ப மாட்டாங்களாம். ஈரத்துக்கு எடை கழிப்பாங்க, காய வைக்கிற கூலி கழிப்பாங்க, மிச்சப் பணத்தைக் கொடுத்துடுவாங்க. எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. 17க்குக் கீழேன்னா முழு விலை, மேலேன்னா வெளியே போன்னு இருக்கிறதை மாத்தி, ஈரத்தைக் கழிச்சு எடை போடட்டும். கொள்முதல் நிலையத்திலேயே டிரையர் இருக்கட்டும், காய வைக்கிற கூலியை என் பணத்துல பிடிச்சுக்கட்டும். அம்பது ரூபா, நூறு ரூபா பிடிச்சாலும் எனக்கு லாபம்தான். 2018ல வந்த உழவன் செயலியில இன்னைக்கு டிராக்டர் வாடகைக்குக் கேட்கிற மாதிரி, டிரையரும் கேட்கிற வழி வரட்டும். இலவசமாக் கேட்கல. அறுப்பு மிஷினுக்கு மணிக்கு ரெண்டாயிரத்து ஐநூறு கொடுக்கிறவன் இதுக்கும் கொடுப்பான்.

ஆனா இப்படி மனசுக்குள்ளயே கட்டிக்கிட்டு இருக்கிறதுக்கு எங்க ஊர் பேர் போனது. பூசலார் நாயனார் பிறந்த ஊர் இல்லையா? கையில காசில்லாம மனசுக்குள்ளயே கல்லு கல்லா கோயில் கட்டினார், சாமியும் வந்து குடி புகுந்தார். இருதயாலீஸ்வரர் கோயில் இப்பவும் இருக்கு, வந்தா பாருங்க. சாமி மனசுல கட்டின கோயிலை ஏத்துக்குவார். கொள்முதல் நிலையத்துல இருக்கிற ஈரம் பார்க்கிற மிஷின் ஏத்துக்காது.

ஊராட்சிகள்ல நூறு நாள் வேலையில உலர்களம் போட்டிருக்காங்க. சில இடத்துல நல்லாவே இருக்கு. திருநின்றவூர் பேரூராட்சியா இருந்து 2021ல நகராட்சி ஆயிடுச்சு, அந்த வழி எங்களுக்குக் கிடையாது. நகராட்சிக்கு நாங்க விவசாயிங்கன்னு தெரியல. வேளாண்மைத் துறைக்கு நாங்க நகரம்.

எங்க தெரு மாரியம்மன் கோயில் பின்னாடி பழைய களத்துல மனை போகாத துண்டு இன்னும் பதினஞ்சு சென்ட் இருக்கு. முள்ளு மண்டி, பாட்டில் கிடந்தது. பொங்கலுக்கு முன்னாடி ரெண்டு ஞாயித்துக்கிழமை நாங்க அஞ்சு பேர் இறங்கி வெட்டிச் சுத்தம் பண்ணோம். சிமென்ட் போட எவ்வளவு ஆகும்னு மேஸ்திரி கணக்குக் கொடுத்திருக்கார். அஞ்சு பேர் பங்குல பாதிதான் தேறுது, மீதிக்கு மனு எழுதியிருக்கோம். நவரை நாத்து நட்டாச்சு. அந்த அறுப்பு சித்திரை வெயில்ல வரும், பயமில்ல. சொர்ணவாரிக்குள்ள தளம் போட்டாகணும்.

அந்தப் பையன் இப்பவும் எங்க ரோட்டு வழியாத்தான் வேலைக்குப் போறான். என்னைப் பார்த்தா வண்டியை மெதுவாக்கித் தலையாட்டுறான். போன வாரம் நின்னு, "அண்ணே, இந்தத் தடவை எப்ப அறுப்பு? சொல்லிடுங்க, நான் பட்டாபிராம் வழியாப் போயிடறேன்"னான்.